அகதிகளும் ஆஸ்பத்திரி இன்ஷ்யூரன்ஸும்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பங்களுக்கு அண்மையில் நாம் போயிருந்தோம். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோவதைப் பற்றியும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக்கூடாதென்று தடை வருவதைப் பற்றியும் ஜனங்கள் குறை கூறினார்கள். அவை நியாயமான குறைகளே. அவற்றைப் பற்றிப் பிறிதொரு சமயம் எழுதுவோம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வியே இன்று நம்மை எழுதத் தூண்டுகிறது. "ஐயா, ஆஸ்பத்திரியிலே காட்டுவதற்கு எங்களுக்குச் சர்க்கார் அட்டை கொடுத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி முகாமிலே இருக்கிற சிலோன்காரர்களுக்கும் அதே அட்டையாம். அவர்களுக்கும் கொடுத்தால் எங்கள் பங்கு குறைந்து போகாதா?" என்று அவர் கேட்டார்.

அவர் கேள்வியில் துவேஷம் இல்லை. ஏழையின் கவலையே இருந்தது. ஆனால் இதே கேள்வியைப் படித்தவர்களும் பதவியிலிருப்பவர்களும் வேறு குரலில் கேட்கிறார்கள். ஆகவே இதற்கு விவரமாகப் பதில் சொல்வது நமது கடமை.

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு புராதன முறை இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சில. வலை வைப்போர் பலர். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் பட்டினி கிடக்கவேண்டியதுதான். அவ்விதம் நேராமலிருக்க, ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை வைக்கலாமென்று முறை வகுத்துக்கொண்டார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக வந்த உரிமை. இன்று ஒருவனுக்கு வாய்க்காத இடம் நாளை அவனுக்கு வரும். ஒருவனுடைய துரதிர்ஷ்டத்தை ஊரே பகிர்ந்துகொள்கிறது.

இன்ஷ்யூரன்ஸ் என்பதும் இதுவேதான். ஆயிரம் குடும்பங்களில் இந்த ஆண்டு எந்தக் குடும்பத்தில் நெஞ்சுவலி வரும், எந்தக் குழந்தைக்கு இருதயத்தில் துவாரமிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. ஆயிரத்தில் சிலருக்கு வருமென்பது மட்டும் நிச்சயம். அந்தச் சிலர் வீட்டையும் படகையும் விற்றுக் கடனாளியாவதற்குப் பதில், ஆயிரம் பேருக்கும் சேர்த்துச் சிறு தொகை கட்டப்படுகிறது. நோய் வந்தவனுக்கு அந்தப் பொது நிதியிலிருந்து செலவாகிறது. வராதவன் அதனால் நஷ்டமடைந்தவனல்ல. அவன் நிம்மதியாகத் தூங்கியதே அவனுக்குக் கிடைத்த லாபம்.

தமிழ்நாட்டில் 2012 ஜனவரி 11 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தத் தொகையைக் குடும்பங்கள் கட்டுவதில்லை. அவர்களுக்காகச் சர்க்கார் கட்டுகிறது. 2018-ல் இது மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், ஜாபிதாவில் கண்ட சிகிச்சைக்கு, முன் அனுமதி பெற்றபின் வைத்தியம் நடக்கும். பணம் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடமிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போகும். நோயாளி கையிலிருந்து கொடுக்கவேண்டியதில்லை. காய்ச்சலுக்கும் சர்க்கரை வியாதிக்கும் தினந்தோறும் வாங்கும் மருந்துக்கு இந்த அட்டை அநேகமாக உதவாது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் செய்யும் பெருஞ்சிகிச்சைக்கே இது ஏற்பட்டது. இதை அறியாமல் அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஐந்து லட்சம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே. கும்மிடிப்பூண்டி முகாமில் ஒருவருக்கு இருதய சிகிச்சை நடந்தால் கோட்டைக்குப்பத்துக் குடும்பத்தின் ஐந்து லட்சத்தில் ஒரு காசும் குறையாது. பாட்டு முறையில் ஒருவன் வலை வைத்த இடத்தில் மற்றவன் அன்று வைக்கமுடியாது. இதில் அந்தத் தடைகூட இல்லை. சர்க்கார் கட்டும் மொத்தத் தொகை சிறிது உயரும் என்பது வாஸ்தவம். எவ்வளவு உயரும் என்பதைக் கீழே கணக்கிட்டுக் காட்டுவோம்.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகளின் தொகை மூன்று லட்சத்துக்கு மேற்பட்டது. பலர் திரும்பிப் போய்விட்டார்கள். சிலர் வேறு தேசங்களுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் சட்டசபையில் கூறப்பட்ட கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். அகதி முகாம் என்ற பெயரே அப்போது மாற்றப்பட்டு 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. வீடு கட்டவும் பிற உதவிகளுக்கும் 317 கோடி ரூபாய்க்கு மேல் அறிவிக்கப்பட்டது. முகாமில் பதிவு பெற்ற குடும்பங்கள் வருமான வரம்பின்றிக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமென்று விதி இருக்கிறது. இதைச் செய்த சர்க்கார்களை, அவை எந்தக் கட்சியைச் சேர்ந்தவையானாலும், நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்ட தேசங்களிலேயே அகதிக்கு வைத்தியம் மறுக்கப்படுவதைக் கேள்விப்படுகிறோம். கையெழுத்திடாத தேசத்தின் ஒரு பகுதி இதைச் செய்திருப்பது பெருமைக்குரியதே.

ஆனால் பாராட்டோடு நின்றுவிட முடியாது. பாட்டு முறையில் ஒரு குறை உண்டு. அது பட்டியலில் பெயருள்ளவனுக்கு மட்டுமே நியாயம் செய்யும். பெயர் இல்லாதவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே ஏரியில் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. பாட்டில் இடமில்லாதவர்களோடு ஏற்பட்ட சச்சரவுகளை ஏரிக்கரை மறந்துவிடவில்லை. இன்ஷ்யூரன்ஸ் பட்டியலும் இன்று அப்படித்தான் இருக்கிறது. முகாம் என்ற வேலிக்கு உள்ளே இருப்பவனுக்கு அட்டை. வெளியே இருப்பவனுக்கு அலைச்சல்.

வெளியே இருப்பவர்கள் யார்? முதலாவது, போலீஸ் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் வாழும் அகதிகள். முகாமில் கிடைக்கும் உதவித்தொகையும் பிற சலுகைகளும் அவர்களுக்கு இல்லை. வெளியே இருப்பதால் அவர்கள் வசதியுள்ளவர்கள் என்ற எண்ணம் நிலவுகிறது. சிலர் விஷயத்தில் அது உண்மையாயிருக்கலாம். ஆனால் நமது அலுவலகத்துக்கு வந்த ஒருவர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசிப் பிழைப்பவர். வேலைக்கு அருகில் இருக்கவேண்டுமென்று முகாமைவிட்டு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்ததனால் அல்ல, பல நாளாக அறியாமலிருந்த சிறுநீரக வியாதியால் அவர் படுக்கையில் விழுந்தார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அவரிடம் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். அட்டைக்குப் போனால் குடும்ப அட்டை கேட்டார்கள். குடும்ப அட்டைக்குப் போனால் பிரஜைதானா என்று கேட்டார்கள். "முகாமிலேயே இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள், ஐயா. உழைத்துப் பிழைக்கலாமென்று வெளியே வந்தேன், அதற்குத்தான் இது தண்டனை" என்று அவர் சொன்னபோது நம்மால் பதில் சொல்லமுடியவில்லை. பிச்சையெடுக்காமல் உழைக்க வந்தவனுக்குத் தண்டனையும், வேலிக்குள் காத்திருப்பவனுக்குச் சலுகையும் அளிக்கும் விதி, யார் வகுத்ததானாலும், திருத்தப்படவேண்டிய விதி.

இரண்டாவது, புதிதாக வந்தவர்கள். 2022 மார்ச் முதல், இலங்கையில் அரிசிக்கும் மருந்துக்கும் பஞ்சம் ஏற்பட்டபோது, கைக்குழந்தைகளுடன் படகேறித் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்திறங்கியவர்களை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மண்டபம் முகாமில் அவர்களுக்குச் சோறும் கூரையும் கிடைத்தன. ஆனால் அகதிகள் என்ற பதிவு நீண்ட நாள் கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட உத்தரவும் 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கே கடவுச்சீட்டு, விசா விதிகளின் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அதற்குப் பின் வந்தவர் கோட்டுக்கு அப்பால் நிற்கிறார். கோடு காகிதத்தில் இருக்கிறது. காசநோயோ பிரசவ வேதனையோ அந்தத் தேதியைப் பார்த்து வருவதில்லை.

மூன்றாவது, தமிழர் அல்லாத அகதிகள். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில், புயல் காலத்தில் ஜனங்கள் ஒதுங்குவதற்காகக் கட்டிய கட்டடத்தில், பர்மாவிலிருந்து வந்த ரோஹிங்கியாக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வசித்துவந்திருக்கின்றன. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் சீட்டு ஒன்றே அவர்கள் கையிலுள்ள ஆதாரம். 'அவர்கள் நம்மவர் அல்லவே' என்று சொல்வாருண்டு. பர்மா என்றதும் தமிழனுக்கு 1942-ஆம் ஆண்டு நினைவுக்கு வரவேண்டாமா? ஜப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி லட்சக்கணக்கான இந்தியர்கள் ரங்கூனையும் மாந்தலேயையும் விட்டு, காடும் மலையும் கடந்து கால்நடையாக அஸ்ஸாமுக்கும் வங்காளத்துக்கும் வந்தார்கள். அவர்களில் தமிழர் எத்தனையோ பேர். வழியில் பல்லாயிரவர் மாண்டார்கள். குண்டுபட்டுச் செத்தவர்களைவிடக் காலராவிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்களே அதிகம். ஒரு வைத்தியரும் ஒரு வேளை மருந்தும் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். அகதியாக நடந்து பார்த்த ஒரு ஜாதி, வாசலில் வந்து நிற்கும் அகதியின் ஊரை விசாரித்துவிட்டுத்தான் மருந்து கொடுப்போமென்று சொல்வது தகுமா?

தர்மத்தைச் சொன்னோம். சட்டம் என்ன சொல்கிறதென்றும் பார்ப்போம். நமது அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு சொல்லையும் யோசித்தே வைத்தார்கள். பேச்சுரிமையைக் கூறும் 19-வது ஷரத்தில் 'பிரஜைகள்' என்று எழுதினார்கள். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது ஷரத்தில் 'பிரஜை' என்ற சொல்லை வைக்கவில்லை. 'எந்த மனிதனும்' என்ற பொருள்படவே எழுதினார்கள். 1996-ல் அருணாசலப் பிரதேசத்திலிருந்த சக்மா அகதிகளின் வழக்கில், பிரஜையல்லாதவரின் உயிரையும் காப்பது ராஜ்ய சர்க்காரின் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வேறொரு வழக்கும் முடிந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை மேற்கு வங்காளத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லையென்று திருப்பியனுப்பின. அவசர சிகிச்சை மறுப்பது 21-வது ஷரத்தை மீறுவதாகும் என்றும், பணமில்லையென்பது சமாதானமாகாது என்றும் கோர்ட்டு கூறிற்று. இவ்விரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், கட்டிலில் படுத்திருப்பவனிடம் முதலில் நாடியைப் பார்க்கவேண்டுமேயன்றிப் பிரஜா உரிமைச் சான்றைப் பார்க்கக்கூடாதென்பது விளங்கும்.

'அந்நியர்களைப் பற்றிய அதிகாரம் டில்லியினுடையது; சென்னை என்ன செய்யமுடியும்?' என்று அதிகாரிகள் கைவிரிப்பதுண்டு. பிரஜா உரிமையும் அந்நியர் விவகாரமும் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 17-வது இனமாக இருப்பது உண்மையே. ஆனால் பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் ராஜ்யப் பட்டியலின் 6-வது இனம். குடியுரிமையைச் சென்னை வழங்க முடியாது, கட்டிலை வழங்கலாம். முகாமிலிருப்போருக்கு ஏற்கெனவே வழங்கியிருக்கிறது. இருக்கும் அதிகாரத்தை வேலிக்குள் பிரயோகிக்கலாம், வேலிக்கு வெளியே பிரயோகிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அதுமட்டுமல்ல. சர்க்காரே இந்தத் தத்துவத்தை வேறோரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. அட்டை உள்ளவரா இல்லாதவரா, வேற்று ராஜ்யத்தவரா, வேற்று தேசத்தவரா என்று கேட்பதில்லை. மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். நாற்பத்தெட்டு மணி நேரம் மனிதனாயிருந்தவன் நாற்பத்தொன்பதாவது மணியில் அந்நியனாகி விடுகிறானா? லாரி மோதியவன் மனிதன், மாரடைப்பு வந்தவன் மனிதனில்லையா?

சர்க்கார் ஆஸ்பத்திரிகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றனவே, இன்ஷ்யூரன்ஸ் எதற்கு என்பார் உண்டு. பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பொன்னேரியில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய வியாதியென்றால் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே அகதியென்று யாரையும் துரத்துவதில்லை என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் எல்லாச் சிகிச்சையும் எல்லா ஊரிலும் இல்லை; இருக்கும் இடத்தில் கூட்டம் தாங்கவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடக்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வருகிறது. அட்டையுள்ள நோயாளி அங்கே வந்தால் அவனும் பிழைக்கிறான், ஆஸ்பத்திரியும் வளம் பெறுகிறது. அட்டையில்லாதவன் வந்தால் செலவு முழுவதும் ஆஸ்பத்திரியின் தலையில் விழுகிறது. ஆகவே அகதிக்கு அட்டை கொடுப்பது குப்பத்து மீனவன் போகும் ஆஸ்பத்திரிக்கும் நன்மையே.

செலவுக் கணக்கைச் சொல்வதாக வாக்களித்தோம். 2021 கணக்குப்படி முகாமுக்கு வெளியேயிருந்த குடும்பங்கள் 13,540. திட்டத்திலுள்ள குடும்பங்களோ சுமார் 1 கோடியே 37 லட்சம். ஆயிரம் குடும்பங்கள் இருக்குமிடத்தில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கவேண்டும், அவ்வளவே. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1 கோடியே 35 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயே ஆகும். வருமான வரம்பை மற்றவர்களுக்குப் போலவே அவர்களுக்கும் வைத்தால் இதுவும் குறையும். பெரியவரின் பங்கை இது தின்றுவிடாது.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றையும் கூறுவோம். கானடாவில் புகலிடம் கேட்போருக்கு வைத்தியச் செலவை மத்திய சர்க்காரே ஏற்கும் ஏற்பாடு வெகுகாலமாக இருந்தது. 2010-ல் 'சன் ஸீ' என்ற கப்பலில் 492 தமிழர்கள் அங்கே போய் இறங்கியபோது, அகதிகள் சலுகைக்காக வருகிறார்களென்று பெருங்கூச்சல் எழுந்தது. 2012-ல் அந்த வைத்திய உதவியை அந்தச் சர்க்கார் வெட்டிற்று. 2014 ஜூலையில் அந்நாட்டு பெடரல் கோர்ட்டு இந்த வெட்டு கொடுமையானது, அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2016-ல் உதவி முழுவதும் மீண்டும் அளிக்கப்பட்டது. அங்கே தமிழ் அகதிக்கு வைத்தியம் மறுக்கப்பட்டபோது நாம் இங்கிருந்து கண்டித்தோம். நமது வீட்டு வாசலில் அதே மறுப்பு, வெட்டு என்ற பெயரின்றி, விதி என்ற பெயரில் நடந்தால் வாய்மூடியிருப்பது அழகல்ல.

ஆகவே நாம் கோருவது இவை. ஒன்று: முகாம் என்ற நிபந்தனையை நீக்கி, போலீஸ் பதிவையே போதிய ஆதாரமாகக் கொண்டு, வெளியிலிருக்கும் ஏழை அகதிகளையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும். இரண்டு: புதிதாக வந்திறங்குவோருக்கு, பதிவு முடியும் வரை காத்திராமல், தங்க வைத்த நாளிலிருந்தே தற்காலிக அட்டை கொடுக்கவேண்டும். பிற்பாடு அவர்கள் பதிவு மறுக்கப்பட்டாலும், பெற்ற சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. மூன்று: ஐக்கிய நாடுகள் ஆணையத்தின் சீட்டுள்ள மற்ற தேசத்து அகதிகளையும் அதே விதமாகச் சேர்க்கவேண்டும். நான்கு: எந்தச் சிகிச்சைக்கு அட்டை உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெளிவான தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு முகாமிலும் குப்பத்திலும் ஒட்டவேண்டும்.

சர்க்கார் செய்யட்டுமென்று தேசத் தொண்டர்கள் சும்மாயிருக்கலாகாது. திருவள்ளூர் ஜில்லாவில் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள ஊழியர்கள், வாரம் ஒரு நாள், அகதிகளையும் மீனவர்களையும் இருளர்களையும் காப்பீட்டுப் பதிவு நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அட்டை வாங்கிக் கொடுக்கும் வேலையை மேற்கொள்ளலாம். மனு எழுதத் தெரியாத காரணத்தால் ஒருவன் சாகக்கூடாது. மேடையில் ஈழத் தமிழருக்காகக் கண்ணீர் வடிப்பதைவிட ஒருவருக்கு ஓர் அட்டை வாங்கிக் கொடுப்பது பெரிய சேவை.

நாம் புறப்படும்போது அந்தப் பெரியவர் படகுத்துறை வரையில் கூட வந்தார். "என் பங்கு குறையாதென்றால் எனக்கு ஆட்சேபமில்லை, ஐயா. கடலிலே தத்தளிக்கிறவனை ஏற்றிக்கொள்கிறபோது அவன் எந்த ஊரென்று நாங்கள் கேட்பதில்லை" என்றார். கரையிலிருக்கும் சர்க்காருக்கும் இந்தச் சட்டம் போதும்.